தலைச்சன் கிடேரிக்குத் தீனியைக் குறைக்காதீர்கள்

போன ஐப்பசியில் மழை விடாமல் கொட்டிய ஒரு ராத்திரி, குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு கொட்டகையில் நின்றிருந்தேன். ஜெர்சி கலப்புக் கிடேரி, தலையீத்து, அதாவது முதல் கன்று. பனிக்குடம் உடைந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. கன்றின் முன்னங்கால்கள் சரியாக வந்திருந்தன, தலையும் நேராக இருந்தது. முக்குவதற்குத்தான் அதற்குத் தெம்பில்லை. விலாவில் கை வைத்தேன். எலும்பு ஒவ்வொன்றும் விரலில் தட்டியது. கன்றை இழுத்து எடுத்தோம். பெரிய கன்றுகூட இல்லை.

"ஏழாம் மாசத்துலேருந்து தவிடு, புண்ணாக்கு எல்லாம் நிறுத்திட்டோம் சார். தின்னா கன்னு பெருத்துடும், போட முடியாதுன்னு சொன்னாங்க" என்றார் மாட்டுக்கார அம்மா.

நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர் என்று போகிற இடமெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்கிறேன். கன்றின் பருமனில் தீனிக்குப் பங்கு குறைவு. போட்ட சினை ஊசி எந்தக் காளையுடையது, தாயின் உடல்வாகு எப்படி என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வயிற்றைக் காயப்போட்டால் இளைப்பது தாய்தான். கன்று தனக்கு வேண்டியதைத் தாயின் சதையிலிருந்து எடுத்துக்கொள்ளும். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கன்று வளர்வதில் மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான். சரியாக அந்த நேரத்தில் தீனியை நிறுத்துகிறோம்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். இரண்டரை, மூன்று வயதில் முதல் கன்று போடும் கிடேரி தானும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளை. வாயைத் திறந்து பாருங்கள்: பால் பல் விழுந்து, இரண்டு பல்லோ நாலு பல்லோதான் புதிதாக முளைத்திருக்கும். மெல்லுவதும் மெதுவாகத்தான். பெரிய மாடுகளோடு ஒரே தொட்டியில் விட்டால் அவை முட்டித் தள்ளிவிட்டுத் தின்றுவிடும். அதனால் தனியாகக் கட்டி, தனியாக வையுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது.

வெறும் வைக்கோல் போதாது. அதில் புரதம் மிகக் குறைவு. கடலைக்கொடி கிடைக்கிற ஊர் நம்முடையது, அதைச் சேருங்கள். பசும்புல், வழக்கமான அடர்தீவனம் (தவிடு, புண்ணாக்கு போன்றவை), ஏழாம் மாதத்திலிருந்து அதற்கு மேல் ஒன்று முதல் ஒன்றரை கிலோ, தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை. கடைசி மூன்று வாரம் கன்று வயிற்றை அடைத்துக்கொள்வதால் ஒரேயடியாகத் தின்னாது, மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். அதற்காகக் கொழுக்கவும் விடக்கூடாது. கொழுப்பு பிறப்புவழியை நெருக்கும். பின்விலா இரண்டு மூன்று லேசாகத் தெரிந்தால் சரி. மழையில் நனைந்து பூசணம் பூத்த வைக்கோலைச் சினை மாட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கன்று போட்ட அன்று நடக்கிற தப்பு வேறு மாதிரி. களைப்புத் தீரட்டும் என்று அரிசிக் கஞ்சியையும் சோற்றையும் வாளி வாளியாக வைக்கிறார்கள். பலாக் காலத்தில் பண்ருட்டிப் பக்கம் பழமும் சக்கையும் கூடைக் கணக்கில் போகிறது. வயிற்றில் அது புளித்து அமிலமாகிவிடும். மாடு அசைபோடாது, சாணி தண்ணீராய்ப் புளித்த வாடையோடு போகும், அப்புறம் படுத்துவிடும். அன்பால் வைத்த கஞ்சிதான், மாட்டையே கொண்டுபோயிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரும் நல்ல புல்லும் வையுங்கள். அடர்தீவனத்தை இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற கணக்குக்கு வாருங்கள். அது வளர்கிற உடம்பு என்பதால், பாலுக்கான கணக்குப் போக, உடம்பைத் தாங்க வைக்கும் தீனியில் முதல் ஈற்றில் ஐந்தில் ஒரு பங்கும் இரண்டாம் ஈற்றில் பத்தில் ஒரு பங்கும் கூட்டுங்கள். "கன்னு போட்டு அஞ்சு மாசமாச்சு, பருவத்துக்கே வரலை" என்று கொண்டுவரும் மாடுகளில் பல, இந்தக் கட்டத்தில்தான் இளைத்தவை.

பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்தில் கன்று நகரவில்லையென்றால் காத்திருக்காதீர்கள், நீங்களாக இழுத்தும் பார்க்காதீர்கள். பக்கத்து மருத்துவமனைக்கோ, தமிழ்நாட்டில் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள்.

அந்தக் கிடேரி பிழைத்துக்கொண்டது. பால் தேற ஒன்றரை மாதம் ஆனது. இப்போது மறுபடி சினை. போன வாரம் போனபோது, கொட்டகையின் மறுகோடியில் அதற்கென்று தனித்தொட்டி போட்டிருந்தார்கள்.