‘கருத்தடை’ இல்லை, மலடாக்கல்

ஐரோப்பாவில் சிறுபான்மையாக வாழும் ரோமா இனப் பெண்களுக்கு, அங்குள்ள மருத்துவமனைகளில் இனிப் பிள்ளையே பிறக்காதபடி அறுவை செய்ததைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘கட்டாயக் கருத்தடை’ என்றே எழுதுகிறார்கள். போன வாரமும் ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். அந்தச் சொல் தவறு.

மூலச்சொல் ஸ்டெரிலைசேஷன். லத்தீனில் ‘ஸ்டெரிலிஸ்’ என்றால் விளையாத, ஈனாத என்று பொருள். நம் ‘மலடு’ம் அதேதான்: மலட்டு நிலம், மலட்டுப் பசு. கத்தி, ஊசியைச் சுத்தம் செய்வதற்கும் இதே ஆங்கிலச் சொல் உண்டு. அங்கே ‘கிருமிநீக்கம்’ சரி.

கருத்தடை வேறு. மாத்திரை, ஆணுறை, காப்பர் டி எல்லாம் கருத்தடை. நிறுத்தினால் மறுபடி பிள்ளை உண்டாகலாம். தடை என்றாலே விலக்கக்கூடியது என்றுதான் காதில் விழுகிறது. கருக்குழாயை வெட்டிக் கட்டுவதற்கு இந்தச் சொல்லைப் போட்டால் நடந்தது பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

ஹங்கேரியில் 2001 ஜனவரி 2 அன்று ஒரு ரோமா பெண்ணுக்கு வயிற்றிலேயே சிசு இறந்துவிட்டது. ரத்தப்போக்கோடு வந்தவரிடம் சிசேரியனுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். அதே தாளில் மருத்துவர் கையால் கிறுக்கிய இன்னொரு சம்மதமும் இருந்தது. அதில் மலடாக்கலுக்கு லத்தீன் சொல்தான் போட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து 17 நிமிடத்துக்குள் இரண்டு அறுவையும் முடிந்தன. அடுத்த பிள்ளைக்கு எப்போது முயலலாம் என்று மருத்துவரைக் கேட்டபோதுதான் அந்தச் சொல்லின் பொருளே அவருக்குத் தெரிந்தது. வழக்கு ஐ.நா. பெண்கள் பாகுபாடு ஒழிப்புக் குழுவுக்குப் போனது. இது நிரந்தர அறுவை அல்ல என்று ஹங்கேரி வாதாடியது. குழு ஏற்கவில்லை, 2006-ல் அந்தப் பெண்ணின் பக்கமே முடிவு சொன்னது. தோற்றுப்போன அந்த வாதத்தைத்தான் ‘கருத்தடை’ தமிழில் தூக்கி நிறுத்துகிறது.

ஸ்லோவாக்கியாவிலும் இதே கதை. 2000-ல் பிரசவ வலியில் இருந்த ஒரு ரோமா பெண்ணிடம் மலடாக்கலுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். சொல்லின் பொருள் அவருக்குப் புரியவில்லை. 2011-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சரி, ‘கருவள நீக்கம்’ என்று சொல்லலாமே என்பார்கள். கூடவே கூடாது. ஹங்கேரிப் பெண் புரியாமல் கையெழுத்துப் போட்ட லத்தீன் சொல்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பட்டியலில் பெயரை நீக்குவது போல இருக்கிறது. பிரசவ வார்டில் படுத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் தலையாட்டிவிடுவார். ‘உன்னை மலடாக்கப் போகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள், கையெழுத்துப் போடுவாரா?

‘மலடி’ வசைச்சொல் ஆயிற்றே என்று தயங்குகிறவர்களின் தயக்கம் நியாயமானது. அந்தச் சொல் எத்தனை பெண்களை அழவைத்திருக்கிறது. ஆனால் ‘மலடி’ பெண்ணைக் குற்றம் சொல்கிறது. ‘மலடாக்கு’ வினைச்சொல், யார் ஆக்கியது என்று கேட்க வைக்கிறது. செக் நாட்டில் 1966 முதல் 2012 வரை சட்டத்துக்கு மாறாக மலடாக்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் கொருனா கொடுக்க 2021-ல் சட்டம் போட்டார்கள். மருந்தகத்தில் வாங்கும் கருத்தடைக்கா இழப்பீடு?

இதே மொழிபெயர்ப்பாளர்கள் இவர்களை ‘நாடோடிப் பெண்கள்’ என்றும் எழுதுகிறார்கள். ஸ்லோவாக்கியாவின் ரோமா மக்களில் பெரும்பாலோர் தலைமுறைகளாக ஒரே ஊரில் வீடு கட்டி வாழ்கிறவர்கள். அவர்களுடைய ரோமானி மொழியில் கர்ப்பமானவள் ‘கப்னி’. நாம் சொல்லும் கர்ப்பிணிக்கும் அதற்கும் மூலம் ஒன்றே, சமஸ்கிருதத்தின் ‘கர்பிணீ’.

தலைப்பில் ‘மலடாக்கல்’ கரடுமுரடாகத் தெரிந்தால், ‘இனிப் பிள்ளையே பிறக்காதபடி கேட்காமல் செய்த ஆபரேஷன்’ என்று நீட்டியே எழுதுங்கள்.