கார்டு நகர்ந்தால் குறிப்பேடு தானே நிரம்பும்: நிரல் எழுதாமல் இரண்டு செயலிகளை இணைப்பது எப்படி?

மதுரையில் சுங்குடிச் சேலை தயாரிக்கும் ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்டர்கள் ட்ரெல்லோ என்ற பணிப்பலகைச் செயலியின் போர்டில், ஆர்டருக்கு ஒரு கார்டாக இருக்கின்றன: முடிச்சு, சாயம், உலர்த்தல், மடிப்பு, அனுப்பியது என்று ஐந்து லிஸ்ட். எந்த நிறத்துக்கு எவ்வளவு சாயம், எவ்வளவு உப்பு, சோடா ஆஷ் எப்போது போடுவது என்ற விவரமெல்லாம் நோஷன் என்ற குறிப்பேட்டுச் செயலியில். ஒரே ஆர்டரைப் பற்றி இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். பொழுது சாய்வதற்குள் இரண்டும் ஆளுக்கொரு கதை சொல்லும்.

இந்த இரட்டை வேலையைத் தவிர்க்கத்தான் ஜேப்பியர் (Zapier), மேக் (Make), என்-எயிட்-என் (n8n) போன்ற கருவிகள். மூன்றும் செய்வது அடிப்படையில் ஒன்றே. ஒரு செயலியில் ஏதாவது நடந்தால் அந்தச் செய்தியை வாங்கி, வேண்டாததை வடிகட்டி, மிச்சத்தை இன்னொரு செயலியின் கதவில் கொண்டுபோய்க் கொடுப்பது. அந்தக் கதவுக்குப் பெயர் ஏபிஐ.

செய்தியை வாங்க இரண்டு வழி. மாட்டுத்தாவணி விசாரணை ஜன்னலில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை போய் "பஸ் வந்துருச்சாண்ணே?" என்று கேட்பதைப் போன்றது போலிங். வெப்ஹூக்கில் அந்த நச்சரிப்பு இல்லை. நாம் கொடுத்த முகவரிக்கு ட்ரெல்லோவே உடனுக்குடன் செய்தி அனுப்பிவிடும். வித்தியாசம் வேகத்தில் மட்டும் என்று நினைத்தால் மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும். மேக்கில் கேட்பதற்கே ஒரு கிரெடிட் (பயன்பாட்டை அளக்கும் அலகு) போய்விடும், பதில் "ஒன்றுமில்லை" என்றாலும் சரி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 96, முப்பது நாளைக்கு 2,880. இலவசத் திட்டத்தில் மாதத்துக்குக் கிடைப்பதோ 1,000. ஒரு சேலைகூட நகராமலே பதினோராவது நாளில் கையிருப்பு காலி. ஜேப்பியர் கணக்கு வேறு: அங்கே வெற்றிகரமாக முடிந்த செயல்களுக்கு மட்டும்தான் எண்ணிக்கை. ஆனால் அதன் இலவசத் திட்டம் இரண்டு படிகளோடு நின்றுவிடும், நமக்கோ அதற்கு மேல் வேண்டும்.

ஒரு கார்டை முடிச்சிலிருந்து சாயத்துக்கு இழுத்து விட்டதும் ட்ரெல்லோ அனுப்பும் செய்தியில் கார்டின் ஐடி, முன்பிருந்த லிஸ்ட், இப்போதைய லிஸ்ட், நகர்த்தியவர், நேரம் எல்லாம் இருக்கும். ஆனால் தலைப்பில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும், தேதியை மாற்றினாலும் இதே "கார்டு மாறியது" செய்திதான் வரும். அதனால் முதல் படி வடிகட்டி: "இப்போதைய லிஸ்ட்" என்ற தகவல் செய்தியில் இருந்தால் மட்டும் மேலே போ, இல்லையென்றால் நில்.

அடுத்தது தேடல். நோஷன் டேட்டாபேஸில் "ட்ரெல்லோ ஐடி" என்று ஒரு உரைக் கட்டத்தை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். வந்த ஐடி அங்கே இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருத்து. இல்லாவிட்டால் புதுப் பக்கம் தொடங்கி, அதன் இணைப்பைக் கார்டில் ஒட்டு. இந்தத் தேடலைச் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டால் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு புதுப் பக்கம் முளைக்கும்.

ஆர்டரின் பெயரை வைத்துத் தேடினால் என்ன? தமிழில் அது கூடவே கூடாது. "சோழவந்தான்" என்று ஒரு கார்டு. அதில் வரும் ஓகாரக் குறியை, கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலத் தெரியும். குறியீட்டைக் குறியீட்டோடு ஒப்பிடும் கருவிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒருவர் போனிலும் இன்னொருவர் கம்ப்யூட்டரில் பழைய கீபோர்டிலும் தட்டச்சு செய்தால் இந்தக் குளறுபடி வர வாய்ப்புண்டு. 24 எழுத்துள்ள ட்ரெல்லோ ஐடிக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது.

எழுத்து எண்ணிக்கையிலும் ஒரு கண் வேண்டும். நோஷன் ஏபிஐ ஒரு உரைத் துண்டுக்கு 2,000 எழுத்துகள்தான் ஏற்கும். "சுங்குடி" நம் கணக்கில் நான்கு எழுத்து, கணினிக்கு எட்டு. கார்டின் நீண்ட விவரத்தை அப்படியே தள்ளினால், பாதி அளவுதானே இருக்கிறது என்று நாம் நினைக்கும்போதே பிழை வந்து நிற்கும். விவரத்தைத் துண்டாக்கி அனுப்பலாம். அதைவிட, நகல் எடுக்காமல் கார்டின் இணைப்பை மட்டும் பக்கத்தில் வைப்பது மேல்.

நிலையைக் குறிக்கும் கட்டத்திலும் சூட்சுமம் உண்டு. நோஷனில் அதை "செலக்ட்" வகையாக வைத்தால், புதிதாக வரும் எந்தச் சொல்லையும் அது புதுத் தெரிவாகச் சேர்த்துக்கொள்ளும். ட்ரெல்லோவில் யாரோ "உலர்த்தல்" என்பதை "காயப்போடுதல்" என்று மாற்றினால், அன்றிலிருந்து ஒரே வேலைக்கு இரண்டு பெயர். லிஸ்ட் பெயரை அனுப்பாமல் லிஸ்ட் ஐடியைப் பார்த்து, எந்த ஐடிக்கு எந்த நிலை என்று ஆட்டோமேஷனுக்குள் ஒரு சிறு அட்டவணை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

சாய வேலை விடியுமுன் தொடங்கும் கூடமென்றால் நேரத்தைக் கவனிக்க வேண்டும். ட்ரெல்லோ தருவது யூடிசி என்ற உலகப் பொது நேரம். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். புதன்கிழமை காலை 5 மணிக்குச் சாயத்துக்குப் போன சேலை செவ்வாய் இரவு 11:30 என்று பதியும். தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு நாள் தப்பு. காலை 10 மணிக்குச் சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. தேதியாக மாற்றும் படியில் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள்.

சித்திரைத் திருவிழா முடிந்த மறுநாள் தேங்கிக் கிடந்த 60 கார்டுகளைப் படபடவென்று நகர்த்துகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேடல், ஒரு திருத்தம். ஆக 120 அழைப்பு. நோஷன் சராசரியாக வினாடிக்கு மூன்றைத்தான் தாங்கும், அதற்கு மேல் போனால் 429 என்ற பிழையைத் திருப்பியடிக்கும். எப்படிப் பார்த்தாலும் 40 வினாடிக்குக் குறையாது. மேக்கில் சினாரியோ (நாம் கோத்த படிகளின் தொகுப்பு) அமைப்புக்குள் போய் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி வைக்க வேண்டும். ஒரே கார்டுக்கு இரண்டு செய்தி சேர்ந்து வந்து, இரண்டுமே "பக்கம் இல்லை" என்று முடிவுகட்டி ஆளுக்கொரு பக்கம் திறப்பதையும் இது தடுக்கும். பிழை வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி முயலும் படியும் வேண்டும். கையாளாமல் விட்ட ஒரே பிழையில் சினாரியோ அணைந்துபோகக்கூடும், அணைந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இருவழி ஒத்திசைவு வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். பெரும்பாலும் தேவையே இல்லை என்பேன். ட்ரெல்லோ நோஷனை மாற்றும், நோஷன் ட்ரெல்லோவை மாற்றும், அந்த மாற்றம் திரும்பவும் செய்தியாக வரும். கிரெடிட் தீரும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். நிலைக்கு ட்ரெல்லோ சொல்வதுதான் சட்டம், சாயக் கலவைக்கு நோஷன் சொல்வதுதான் சட்டம் என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால் ஒருவழியே போதும். இருவழி இல்லாமல் தீராது என்றால், ஆட்டோமேஷனுக்குத் தனிப் பயனர் கணக்கு கொடுத்து, அந்தக் கணக்கு செய்த மாற்றங்களை வடிகட்டியிலேயே நிறுத்துங்கள்.

அந்தத் தனிக் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. இணைப்புகள் எல்லாம் யார் லாகின் செய்தாரோ அவர் அனுமதியில்தான் ஓடும். சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய் அவர் கணக்கை நீக்கினால் எல்லாம் நின்றுவிடும். நோஷன் பக்கத்தில் அந்த இணைப்புக்கு அனுமதி கொடுக்க மறந்தால், கண்ணெதிரே இருக்கும் டேட்டாபேஸையே "காணவில்லை" என்று 404 காட்டும். பக்கம் எங்கேயும் போய்விடவில்லை, கதவுதான் பூட்டியிருக்கிறது.

நிஜ போர்டில் தொடங்காதீர்கள். சோதனைக்கென்று ஒரு போர்டும் மூன்று கார்டும் போதும். ஒன்றை நகர்த்துங்கள், அதையே பின்னுக்கு இழுங்கள், இன்னொன்றின் பெயரை மாற்றிவிட்டு நகர்த்துங்கள், மூன்றாவதை அதிகாலையில் நகர்த்துங்கள். நோஷனில் மூன்றே பக்கம் இருக்க வேண்டும். நான்கு இருந்தால் தேடல் படியில் கோளாறு. இரண்டே இருந்தால் முதலில் வடிகட்டியைத் திறந்து பாருங்கள்.