பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும் முன்

அறிவுசார் குறைபாடோ மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ உள்ள பிள்ளையின் பெற்றோர், நல அலுவலகத்துக்கு வந்ததும் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. ஆனால் அந்த வீட்டில் அதைவிடப் பல மடங்கு பணம் ஏற்கெனவே நின்றுபோயிருக்கும். அது அம்மாவின் சம்பளம். பிள்ளைக்கு மூன்று நான்கு வயதில் சிகிச்சைக்கு அலையத் தொடங்கும்போது வேலையை விட்டவர், பிறகு திரும்பிப் போவதே இல்லை. அப்பா கூடுதல் வேலை பார்க்கிறார், வீட்டில் இருக்கும் நேரம் குறைகிறது. மூத்த பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கு லீவு போடுகிறாள்.

அரசின் உதவிகள் குறைவு என்று சொல்லமாட்டோம். ஆனால் அவை எல்லாமே, வீட்டில் ஒருவர் வேலை வெட்டி இல்லாமல் அலுவலகங்களுக்கு அலைய முடியும் என்ற எண்ணத்தில் அமைந்தவை. அந்த ஒருவர் அநேகமாக அம்மா. அதனால் எந்தக் காகிதத்தை எதற்கு முன் வாங்குவது என்று தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் மிச்சம்.

முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்குவது இனிஷியலில். பிறப்புச் சான்றில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பள்ளிச் சான்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் கணினியைப் பொறுத்தவரை அவர்கள் மூன்று பேர். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிப்பது கட்டாயம். விரல் இறுகிய பிள்ளைக்கும், கருவிழிக் கருவி முன் நிலையாக உட்கார முடியாத பிள்ளைக்கும் விதிவிலக்குப் பதிவு உண்டு. "ரேகை விழல, அப்புறம் வாங்க" என்று அனுப்பினால் அந்த விதிவிலக்கைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது யூடிஐடி எனப்படும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் அட்டையில் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். சதவீதம் போடும் இடத்தில்தான் பெற்றோர் தாங்கள் அறியாமலே பிள்ளைக்கு நஷ்டம் செய்துவிடுகிறார்கள். அறிவுசார் குறைபாட்டை அளக்க, பிள்ளை அன்றாட வேலைகளை எந்த அளவு தானாகச் செய்கிறது என்று உளவியலாளர் அம்மாவிடம் கேட்பார். "தானா சாப்பிடுவானா?" என்றால் "சாப்பிடுவான் சார்" என்று பதில் வரும். சோற்றைப் பிசைந்து, தட்டைக் கிட்டே வைத்து, முதல் வாயை அவர் ஊட்டிவிட்ட பிறகு சாப்பிடுவான் என்பது முழு உண்மை. பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராமல் சொல்லும் பதில் அது, அந்த மனம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் மதிப்பீட்டில் கேட்பது யாரும் சொல்லாமல், தொடாமல், பக்கத்தில் நிற்காமல் என்ன செய்கிறான் என்பதை. முந்தின நாளே இரண்டு பக்கம் எழுதி வையுங்கள்: பல் தேய்ப்பது, கழிப்பறை, பட்டன், சாலையைக் கடப்பது, காசு. கூட்டியும் சொல்லவேண்டாம், குறைத்தும் சொல்லவேண்டாம்.

லேசானது என்றால் 50 சதவீதம், மிதமானது 75, கடுமையானது 90, மிகக் கடுமையானது 100 என்று கணக்கிடுகிறார்கள். இதில் 75க்கும் 90க்கும் நடுவில்தான் 80 என்ற கோடு இருக்கிறது. பழைய வரி முறையில் கணக்குக் காட்டும் பெற்றோருக்கு, வருமான வரிச் சட்டத்தில் (1961 சட்டத்தில் 80டிடி பிரிவு) 40 சதவீதம் முதல் 75,000 ரூபாய், 80 முதல் 1,25,000 ரூபாய் கழிவு. புதிய முறையில் அந்தக் கழிவு கிடையாது. கம்பெனிக்கு எந்த முறை என்று எழுதிக் கொடுக்கும் முன் இதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

சிறு வயதில் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்று. அறிவுசார் குறைபாட்டில் பொதுவாக 5, 10, 18 வயதுகளில் மறுமதிப்பீடு வரும். அட்டையில் உள்ள காலாவதித் தேதி தாண்டியதும் உதவித்தொகை சத்தமில்லாமல் நின்றுபோகும், யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள். தேதிக்கு நான்கு மாதம் முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

உதவித்தொகையில் இன்னொரு குழப்பமும் உண்டு. வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு, நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை வேறு. ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான். தாலுகா அலுவலகம் வழியாக முன்பே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தால் அதை முறையாக ரத்து செய்த பிறகே மற்றதற்கு மனு போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு துறைகளும் மாறி மாறிக் கை காட்டும். பராமரிப்பு உதவித்தொகை வாங்கும் பிள்ளை இருப்பதாலேயே அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை கிடையாது என்று பல ஊர்களில் நம்புகிறார்கள். அது தவறு. 2023இல் வந்த விதிகளிலேயே இந்தக் குடும்பங்களுக்கு விலக்கு இருக்கிறது. மற்ற தகுதிகள் இருந்தால் போதும்.

மருத்துவக் காப்பீடு என்றால் நிராமயா. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் திட்டம் இது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, வெளிநோயாளி செலவும் தெரபிக் கட்டணமும் அடங்கும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான் செல்லும். புதுப்பிக்க மறப்பதும், பில்லில் பிள்ளை பெயரும் தேதியும் இல்லாமல் வாங்கி வருவதும் தான் பணம் கைக்கு வராமல் போவதற்கான காரணங்கள். பிசியோதெரபிஸ்டிடம் ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பள்ளிக்காலத்தைப் பற்றி ஒன்று மட்டும். பிள்ளை பள்ளிக்கே போக முடியாத நிலையில் இருந்தாலும் வட்டார வள மையத்தில் பெயர் பதிவு செய்யுங்கள். சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருவார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது.

பிள்ளை வளர வளர வீட்டில் வேறொரு கணக்கு மாறுகிறது. பத்து வயதில் இடுப்பில் தூக்கிய பிள்ளை பதினாறில் நாற்பது கிலோ. தூக்குவது அதே அம்மா. எங்களிடம் வரும் அம்மாக்களில் முதுகுவலி இல்லாதவர் அபூர்வம், ஆனால் அதற்காக மருத்துவரைப் பார்த்தவர் அதைவிட அபூர்வம். கட்டிலின் உயரத்தைச் சக்கர நாற்காலி இருக்கையின் உயரத்துக்குச் சமமாக்கினால் தூக்குவதற்குப் பதில் நகர்த்தலாம். நாற்காலி வாங்கும்போது இடுப்பின் அகலத்தை அளந்து, இரண்டு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் மட்டும் கூட்டுங்கள். "வளர்ற புள்ள" என்று பெரிதாக வாங்கினால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து முதுகெலும்பு வளையும். வாசற்படிக்குச் சாய்தளம் 1:12 என்ற விகிதத்தில் வேண்டும்: 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் நீளம். கொத்தனார் இடம் மிச்சம் பிடித்து ஒரு மீட்டரில் போட்டால், மழை நாளில் அம்மாவால் நாற்காலியைப் பிடித்து நிறுத்த முடியாது. குளியலறைக் கதவு 90 சென்டிமீட்டர். படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இரவில் அதற்கு முறை போட்டுக்கொள்ளுங்கள், அப்பாவும் அண்ணனும் சேர்த்து. ஒரே ஆள் வருடக்கணக்கில் தூங்காமல் இருந்தால் அந்த ஆளும் நோயாளி ஆகிவிடுவார்.

இனிப் பதினெட்டு. அந்தப் பிறந்தநாளோடு பிள்ளை சட்டத்தின் முன் மேஜர். பெற்றோர் என்பதாலேயே அவர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அன்றோடு முடிகிறது. மைனர் கணக்காகத் தொடங்கிய வங்கிக் கணக்கைப் பிள்ளையின் சொந்தக் கையெழுத்தோடு மாற்றச் சொல்வார்கள். கையெழுத்துப் போட முடியாது என்றால் கணக்கில் பணம் வரும், எடுக்க வழியிருக்காது. அதே சமயத்தில் பள்ளியும் முடிகிறது, இயலாமைச் சான்றின் மறுமதிப்பீடும் வருகிறது. மூன்றும் ஒரே ஆண்டில் வந்து விழுவதால்தான் பல குடும்பங்கள் இங்கே உடைகின்றன.

மேலே சொன்ன நான்கு வகைக் குறைபாடுகளுக்கும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று வாங்கலாம். கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் கொண்ட உள்ளூர்க் குழு அதை வழங்கும். அப்பா, அம்மா இருவர் பெயரிலும் கூட்டாகக் கேளுங்கள். அப்பா பெயரில் மட்டும் வாங்கி, அவர் இறந்தபின் அம்மா முதலிலிருந்து தொடங்குவது தேவையில்லாத துன்பம். பெண் பிள்ளைக்கு ஆண் ஒருவர் மட்டும் தனியாகப் பாதுகாவலர் ஆக முடியாது. அண்ணன் பொறுப்பேற்றால் அண்ணியும் சேர வேண்டும். பணத்திலும் பத்திரத்திலும் தானே முடிவெடுக்கும் திறன் உள்ளவருக்குப் பாதுகாவலர் தேவைதானா என்பதையும் குழு பார்க்கும், பார்க்கவும் வேண்டும். ஆதரவோடு தானே முடிவெடுக்கக்கூடியவரின் உரிமையை அவசரப்பட்டு வாங்கிக்கொள்ளக் கூடாது.

இந்தச் சான்றை ஏற்கும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2007லேயே அறிவுறுத்தியிருக்கிறது. கிளை மேலாளர் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றால் அதைச் சுட்டிக்காட்டி, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். சான்று கிடைத்த பிறகும் கடமை உண்டு: ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் அசையும், அசையாச் சொத்துப் பட்டியல், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கு. மனநோய் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவில் வரம்புக்குட்பட்ட பாதுகாவல் என்ற வேறு ஏற்பாடு.

அரசு ஊழியரான அப்பாவோ அம்மாவோ ஓய்வு பெறும்போது செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மத்திய அரசு ஊழியர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்காமல் விட்டால், இருவரும் இறந்தபின் அக்காவோ மாமாவோ சான்றுகளைத் தேடி மாதக்கணக்கில் அலைவார்கள்.

வீட்டை நேரடியாக அந்தப் பிள்ளையின் பெயரில் எழுதிவிடுவது பாசத்தில் செய்யும் காரியம். ஆனால் பின்னால் அதை விற்கவோ வாடகைக்கு விடவோ அவர் கையெழுத்து செல்லுமா என்ற கேள்வி எழும். எல்லாவற்றையும் அண்ணன் பெயரில் எழுதி "பார்த்துப்பான்" என்று விடுவதும் பாதுகாப்பல்ல. அவன் நல்லவனாகவே இருந்தாலும், அவன் கடனும் அவன் விவாகரத்தும் அந்தச் சொத்தைத் தொடும். 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் தனியார் அறக்கட்டளை ஒன்று அமைத்து, இரண்டு அறங்காவலர்களை வைத்து, பிள்ளையின் பராமரிப்புக்கு மட்டும் என்று எழுதுவது நல்ல வழி. வக்கீலிடம் போகும் முன், யார் அறங்காவலர் என்று உடன்பிறந்தவர்களிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அக்காவிடம் "நீதான் பார்க்கணும்" என்று சொல்லாமலே எதிர்பார்ப்பதைவிட, பணம் எங்கே இருக்கிறது, எவ்வளவு நாள் வரும், எந்த வேலைக்கு அவள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கும் பயம் குறையும்.

இவற்றோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. வலிப்பு மருந்தின் பெயர், மில்லிகிராம், நேரம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது எந்தக் கோணத்தில் உட்கார வைப்பது, பிறகு எவ்வளவு நேரம் நிமிர்ந்தபடி வைத்திருப்பது. வலித்தால் அவன் என்ன செய்வான், கழிப்பறைக்கு எப்படிச் சைகை காட்டுவான். இதெல்லாம் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவர் மூன்று நாள் மருத்துவமனையில் படுத்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. எழுதி, ஒரு நகலை உடன்பிறந்தவரிடம் கொடுத்து, மருந்து மாறும்போதெல்லாம் தேதி போட்டுத் திருத்துங்கள்.