எழுத்தில் நின்று ஒலியில் மறையும் உயிர்க்குறிகள்: குர்பானி ஓதுதலின் இலக்கணம்

சீக்கியர்களின் திருநூலான குரு கிரந்த சாகிப்பின் பாடல்களே குர்பானி. அந்நூலின் தொடக்கத்தில் உள்ள மூல மந்திரத்தை, பஞ்சாபி எழுத்தான குர்முகியில் எழுதியுள்ளபடியே எழுத்துக்கூட்டினால் ‘ஸதி நாமு கர்தா புரகு நிர்பௌ நிர்வைரு’ என்று வரும். குருத்வாராவில் ஓதுபவரோ ‘ஸத் நாம், கர்தா புரக், நிர்பௌ, நிர்வைர்’ என்கிறார். சொல்லின் இறுதி மெய்யின்மேல் ஏறிவரும் குறில் இகரமும் உகரமும் (சிஹாரி, ஔங்கட்) பெரும்பாலும் ஒலிப்பதில்லை. ‘நிர்பௌ’வில் உகரம் கேட்பதற்குக் காரணம், அங்கே அது குறியாக அல்லாமல் தனி உயிரெழுத்தாக நிற்பதுதான். நம் குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறுகுகிறது என்றால், இது முற்றிலும் மறைந்துவிடுகிறது. மெலிதாகவேனும் ஒலிக்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு.

ஒலிக்காத குறியை எழுதுவானேன்? அது வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. வடமொழியில் ‘நரஹ்’ என்றிருந்தது பிராகிருதத்தில் ‘நரோ’ ஆகி, அபப்பிரம்சத்தில் ‘நரு’ என்று தேய்ந்தது. அந்த உகரமே குர்பானியில் ஆண்பால் ஒருமைப் பெயரின் அடையாளம். அரபியிலிருந்து வந்த ‘ஹுகம்’ கூட ‘ஹுகமு’ என்று இதே சட்டையை அணிந்துகொள்கிறது. ‘குர் கா சபது’ (குருவின் சொல்) என்னும் தொடரில், பின்னே ‘கா’ வந்ததும் ‘குரு’ தன் உகரத்தை இழந்து ‘குர்’ ஆகிறது. ‘சபது’ எழுவாயாக இருப்பதால் அதை இழக்கவில்லை. மூல மந்திரத்தின் ‘குர் பிரசாதி’யில் ‘கா’வும் இல்லை, ஆயினும் ‘குர்’ உகரமின்றி நிற்பதால் ‘குருவின்’ என்றும், ‘பிரசாதி’யின் இகரத்தால் ‘அருளால்’ என்றும் பொருள் தெளிவாகிறது.

முதல் சீக்கிய குருவான நானக்கின் பெயரிலேயே இந்த வேறுபாடு துலங்குகிறது. ‘நானகு’ எழுவாய், ‘நானகி ராஜு சலாயா’ என்ற அடியில் வரும் ‘நானகி’ என்பது ‘நானக்கால்’, குறியே இல்லாத ‘நானக்’ பெரும்பாலும் விளி. திருநூலின் முதல் பாடலான ஜப்ஜியில் ‘ஹுகமி ரஜாயீ சலணா நானக் லிகியா நாலி’ என்னும் அடியில் குறியில்லாததால் ‘நானக்கே!’ என்று பொருள் கொண்டு, அதன்பின் நிறுத்தி ஓத வேண்டும். நிறுத்தாமல் ‘நானக் லிகியா’ என்று சேர்த்து ஓதினால், கேட்பவருக்கு ‘நானக் எழுதினார்’ என்றல்லவா படும்? ஐந்தாம் குருவான குரு அர்ஜன் 1604இல் இந்தத் திருநூலைத் தொகுத்த காலத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் எழுதுவதே வழக்கமாக இருந்ததால், பிரிப்பதும் நிறுத்துவதும் முழுக்க ஓதுபவரின் பொறுப்பாக இருந்தன.

எழுதாததை ஒலிப்பதும் உண்டு. ‘காவஹி’ (பாடுகின்றனர்) என்பதை மூக்கொலி சேர்த்தே ஓதுவார்கள். எழுத்தில் அதற்கான புள்ளி இல்லை. ‘கோபால்’ என்னும் சொல்லில் சில இடங்களில் ஓகாரக் குறியும் உகரக் குறியும் ஒரே எழுத்தில் ஏறி வரும். மூலச்சொல்லில் இருப்பது ஓகாரம். யாப்புக்கு ஒரு மாத்திரை குறைய வேண்டியிருப்பதால் அங்கே ‘குபால்’ என்று ஓத வேண்டும்.

இந்த விதிகளை 20ஆம் நூற்றாண்டில் பேராசிரியர் சாகிப் சிங் (1892–1977) முறைப்படுத்தி எழுதினார். ஆயினும் ஆசிரியர் ஓர் அடியை ஓத, மாணவர் நூலைப் பார்த்தபடியே திருப்பிச் சொல்லும் ‘சந்தியா’ முறை இன்றும் தொடர்கிறது. அந்த நூல் கண்முன்னே விரிந்திருப்பது இன்றியமையாதது என்பேன். செவிவழியாக மட்டும் கற்பவருக்கு நானகு, நானகி, நானக் மூன்றும் ஒரே சொல்லாகவே கேட்கும்.