வன்னிப் பிள்ளைகள் ‘ற்ற’ சொல்லும் முறை பிழையானதல்ல

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் பேச்சுச் சிகிச்சைக்காக என்னிடம் அழைத்து வரப்படும் முன்பள்ளிப் பிள்ளைகளுள் சிலருக்குச் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. ‘காற்று’, ‘நேற்று’ போன்ற சொற்களைத் தொலைக்காட்சியில் கேட்பதுபோல் ‘ட்ர’ என்று அதிரச் சொல்லவில்லை என்பதே பெற்றோரின் கவலையாக இருக்கும். அந்தப் பிள்ளை வீட்டில் அம்மம்மாவிடம் கேட்ட ஒலியைச் செம்மையாகவே சொல்கிறது.

ஈழத்துப் பேச்சில் ‘ற்ற’ ஓர் அடைப்பொலி. ‘பத்து’ என்னும்போது நாநுனி மேற்பல்லைத் தொடுகிறது. ‘பட்டு’ என்னும்போது வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. ‘பற்று’ என்னும்போது இரண்டுக்கும் இடையே, பல்லை அடுத்த முரசில் (ஈறில்) ஒற்றி மூச்சை அடைத்து விடுகிறது. தொல்காப்பியப் பிறப்பியலும் ரகரமும் ழகரமும் நாநுனி அண்ணத்தை வருடப் பிறப்பதாகவும், றகரமும் னகரமும் ஒற்றப் பிறப்பதாகவும் பிரித்துச் சொல்கிறது. றகரம் வல்லினத்தில் வைக்கப்பட்டதற்கும் இந்த அடைப்பே பொருத்தமான விளக்கமென்பது என் கருத்து.

இந்த மூன்று இடங்களையும் வேறுபடுத்தும் மொழிகள் உலகில் குறைவே. மலையாளத்தில் மூன்றும் உண்டு. அவுஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியில் பேசப்படும் அரண்டா மொழியிலும் உண்டு. ஹிந்தியில் பல்லொலியும் வளைநாவொலியும் இருக்க, இடையிலுள்ளது இல்லை. பிரெஞ்சும் ஸ்பானியமும் பல்லொலியோடு நிற்கின்றன. ஆங்கிலத்தில் முரசொலி மட்டுமே. ஹவாய் மொழியிலோ தகரத்துக்கும் ககரத்துக்கும் இடையே பொருள் வேறுபாடே கிடையாது. ஆங்கிலச் சொற்களைத் தமிழகத்தார் ‘டீச்சர்’, ‘லைட்’ என எழுத, நாம் ‘ரீச்சர்’, ‘லைற்’ என எழுதுவதற்கும் காரணம் இதுதான்: அந்த ஆங்கில ஒலிக்கு நெருங்கிய ஒலி நம் நாவில் ஏற்கெனவே இருக்கிறது.

வன்னியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும், தமிழக முகாம்களிலிருந்து திரும்பியோரும் இங்கு வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளை ‘காத்து’ என்று சொன்னால் அதுவும் வீட்டில் கற்ற பேச்சே. வாசிப்புப் பாடத்தில் எழுத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். வகுப்பின் முன் நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் பிள்ளை வாய் திறக்கவே அஞ்சும். அப்படி அஞ்சி ஒடுங்கிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். உச்சரிப்பைவிட அந்த அச்சத்தை நீக்குவதே கடினம்.

உண்மையில் காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டியவர்கள் வேறு பிள்ளைகள். இரண்டு வயதாகியும் சொற்களைச் சேர்த்துப் பேசாதவர், நான்கு வயதைத் தாண்டியும் ‘கை’ என்பதைத் ‘தை’ என்பவர், வீட்டாரைத் தவிர வேறெவருக்கும் பேச்சு விளங்காதவர், முன்பு பேசிய சொற்களை இழந்தவர் ஆகியோரை அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கும் முன்னரே செவிப்புலன் பரிசோதனை செய்விக்க வேண்டும். காதில் தெளிவாக விழாத ஒலியை எந்தப் பயிற்சியாலும் நாவில் எளிதாகக் கொண்டுவர முடியாது.