மத்திய இந்தியப் பழங்குடிகளும் காசநோயும்: தாமதம் எங்கே தொடங்குகிறது?

"அவங்க முதல்ல மந்திரவாதிகிட்டதான் போவாங்க, முத்திப்போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவாங்க." பழங்குடிகளின் காசநோய் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். பாதி உண்மை. மீதி விஷயம் கிருமியிடமும் மருத்துவமனையிடமும் இருக்கிறது.

முதலில் நிலவரம். மருத்துவர் அபய் பங் தலைமையில் பழங்குடிகளின் உடல்நலத்தை ஆராய்ந்த நிபுணர் குழு 2018இல் தந்த அறிக்கைப்படி, பழங்குடிகளில் லட்சத்துக்கு 703 பேருக்கு நுரையீரல் காசநோய். நாட்டின் மற்றவர்களிடம் 256. மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூர் பக்கம் வாழும் சஹரியா பழங்குடி மக்களிடம் நிலைமை இதைவிட மோசம்.

பல பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்தில் இரண்டாகப் பெருகிவிடும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு 18 முதல் 24 மணி நேரம் ஆகும். அதனால் இந்த நோய்க்குத் தொடங்கிய நாள் என்று ஒன்று கிடையாது. உள்ளே போன கிருமியைச் சுற்றி நோயெதிர்ப்பு செல்கள் வேலி கட்டி, ஆண்டுக்கணக்கில்கூட அடக்கி வைக்கும். அந்த வேலியைத் தளரவிடுபவற்றில் முக்கியமானது பட்டினி. புரதம் குறைந்தால் வேலிக்குக் காவல் நிற்கும் டி செல்கள் குறையும்.

பிறகு வருவது சாயங்காலக் காய்ச்சல், இருமல், இளைப்பு, களைப்பு. கோடையில் இலுப்பைப் பூவும் பீடி இலையும் பொறுக்கி, மற்ற மாதங்களில் சூளையிலோ கல்குவாரியிலோ உழைக்கும் ஒருவருக்கு இவற்றில் எது புதிது? "வேலை அதிகம், சாப்பாடு பத்தல, சாராயம்" என்று அவர்கள் சொல்லும் காரணங்களை மருத்துவமும் மறுக்காது. கிருமி ஒன்றுதான் அந்தக் கணக்கில் விட்டுப்போகிறது. குடும்பத்தில் அடுத்தடுத்துப் பலருக்கு வருவதைப் பார்த்துப் பரம்பரை நோய் என்பவர்களும் உண்டு. கவனிப்பு சரிதான். ஆனால் அடுத்தவருக்குப் போவது ரத்தத்தின் வழியாக அல்ல, ஜன்னல் இல்லாத ஒரே அறையின் காற்று வழியாக. செய்வினை என்ற விளக்கமும் இருக்கிறது. அது மட்டும்தான் வெளியூர்க்காரர்களின் நினைவில் தங்குகிறது.

இருமலைப் பொறுத்துக்கொள்வது பழங்குடிகளின் தனிக்குணமும் இல்லை. 2019–21இல் நாடு முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் சிகிச்சை தேடிப் போகவே இல்லை. பெரும்பாலோர் சொன்ன காரணம், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே.

சரி, ஒருவர் வைத்தியம் தேடிக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சத்தீஸ்கரில் பைகா, குனியா, ஜார்க்கண்டில் ஓஜா எனப்படும் வைத்தியர் அதே ஊரில் இருப்பார், அதே மொழி பேசுவார், ராத்திரியிலும் கதவைத் திறப்பார், கடன் சொல்லலாம். தொடக்கக் காலக் காசநோய் சில வாரம் தணிந்து மறுபடி தலைதூக்கும் என்பதால், அவர் தந்த வேர் வேலை செய்தது போலவே தெரியும்.

என் பார்வையில் ஓஜாவைவிட ஆபத்தானவர் அடுத்து வருபவர்: தோள்பையோடு ஊர் ஊராக வரும், பட்டம் இல்லாத டாக்டர். ஸ்டீராய்டு ஊசி போட்டால் காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், நோயாளிக்கு நம்பிக்கை வரும். உள்ளே நோயெதிர்ப்பு அடங்கிப்போய்க் கிருமி பெருகும். லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரை இன்னொரு சிக்கல். அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு கொல்லும். ஐந்து நாள் மாத்திரையில் இருமல் குறையும், சளிப் பரிசோதனையில் கிருமி தட்டுப்படாது, நோய் மட்டும் அப்படியே இருக்கும்.

அப்புறம் அரசு மருத்துவமனை. பஸ் செலவு, ஒரு நாள் கூலி, புரியாத மொழி எல்லாம் தாண்டி வந்தவரின் சளியை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஒரு மில்லிலிட்டரில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். அதற்குக் குறைவானால் "டிபி இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். அவர் மறுபடி வருவாரா? கோவாவில் தயாராகும், பேட்டரியில் ஓடும் ட்ரூநேட் கருவி மிகக் குறைந்த கிருமிகளையும் அவற்றின் மரபணுவை வைத்துப் பிடித்துவிடும். 2019–21 கணக்கெடுப்பில் கண்டறியப்பட்டவர்களில் சுமார் 43 சதவீதம் பேர் எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே அகப்பட்டவர்கள். கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவி மலைக்கிராமத்துக்குப் போக வேண்டும் என்பது இதனால்தான்.

சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் மருத்துவமனைக்கு வந்த காசநோயாளிகளின் எடையை ஆராய்ந்தபோது, நடுமதிப்பு ஆண்களுக்கு 42 கிலோ, பெண்களுக்கு 34 கிலோ. அந்த உடம்போடு வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கினால் குமட்டும். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால், மருந்து உடம்பைச் சுடுகிறது என்று நிறுத்திவிடத் தோன்றாதா?

ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் (2024 அக்டோபர் வரை 500) நோயாளியின் கணக்குக்கு மட்டும்தான் போகிறது. வீட்டாருக்கான உணவுப் பொட்டலம் நன்கொடையாளர்களை நம்பி நிற்கிறது.

மருந்து முதல் இரண்டு மாதம் நான்கு வகை, அடுத்த நான்கு மாதம் மூன்று வகை. சில வாரங்களிலேயே உடம்பு தேறிவிடும். உறங்கிக்கிடக்கும் கிருமிகளுக்காகத்தான் மீதி மாதங்கள். மழை முடிந்து அறுவடையும் ஆனதும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் அடுத்த மழைக்குத்தான் திரும்புவார்கள். நவம்பரில் நோய் கண்டறியப்பட்ட ஒருவருக்கு மே வரை மருந்து தேவை. அந்த மாதங்களில் அவர் இருப்பது வேறு மாநிலத்தில், மருந்து அட்டை இருப்பது அவருடைய ஊர் சுகாதார நிலையத்தில்.