ரேடியோஸ்டீரியோமெட்ரி – சொல் விளக்கம்

ஸ்டீரியோ என்றதும் பாட்டுப்பெட்டிதான் நினைவுக்கு வரும். இங்கே அதற்கு வேலையில்லை. இடுப்பிலோ முழங்காலிலோ பொருத்திய செயற்கை மூட்டு, எலும்புக்குள் இருந்த இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே படங்களைக் கொண்டு அளக்கும் முறைக்குப் பெயர் ரேடியோஸ்டீரியோமெட்ரி. 'ரேடியோஸ்டீரியோமெட்ரிக் அனாலிசிஸ்' என்பதைச் சுருக்கி ஆர்எஸ்ஏ என்பார்கள்.

'ரேடியஸ்' லத்தீன் சொல். சக்கரத்தின் ஆரக்காலுக்கும் ஒளிக்கதிருக்கும் அதே பெயர். (வட்டத்தின் ரேடியஸை நாம் ஆரம் என்பதும் சக்கரத்தை நினைவூட்டுகிறது!) 'ஸ்டீரியோஸ்' கிரேக்கத்தில் திண்மையானது, 'மெட்ரான்' அளவு. சுவீடனின் லுண்ட் நகரில் யோரன் செல்விக் 1974-இல் தன் முனைவர் ஆய்வில் இந்த முறையை முன்வைத்தபோது, பெயர் எக்ஸ்ரேயைக் கண்டறிந்த ரோண்ட்ஜெனை வைத்துத் தொடங்கியது. பிறகு ரோண்ட்ஜென் போய் ரேடியோ வந்தது. முதலெழுத்து ஒன்றே என்பதால் சுருக்கப்பெயர் மாறவில்லை.

சரி, தமிழில்? வேர்ச்சொல் பார்த்துப் பெயர்த்தால் 'கதிர்த் திண்ம அளவியல்'. கேட்பவர் எலும்பின் உறுதியை அளக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். நடப்பதோ வேறு. அறுவையின்போதே மூட்டைச் சுற்றியுள்ள எலும்பில் ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் சிறியதோ ஆன டான்டலம் மணிகளைப் பதித்துவிடுகிறார்கள். அடர்த்தியான உலோகம் என்பதால் படத்தில் பளிச்சென்று தெரியும். அப்புறம் இரண்டு எக்ஸ்ரே குழாய்கள் இரு கோணங்களிலிருந்து ஒரே நேரத்தில் படமெடுக்கின்றன. இரண்டு கண்ணால் ஆழம் அறிவது போலத்தான். கூடவே, இடம் துல்லியமாகத் தெரிந்த குறிகள் கொண்ட அளவுக் கூண்டும் படத்தில் விழும். அதை வைத்து ஒவ்வொரு மணியின் இடமும் முப்பரிமாணத்தில் கணக்காகிறது. எலும்பில் உள்ள அந்த மணிகளோடு ஒப்பிட்டுத்தான் மூட்டு எவ்வளவு நகர்ந்தது என்று சொல்கிறார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் சில மில்லிமீட்டர் நகர்ந்தால்தான் நம்பிச் சொல்லமுடியும்; இதில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே பிடிபடும்.

ஆகவே 'இரட்டைக் கதிர்ப்பட அளவீடு' என்பதே என் தேர்வு. ஸ்டீரியோவின் வேர் அதில் இல்லை, ஆனால் வேலை இருக்கிறது.

இதோடு வரும் 'மைக்ரேஷன்' என்ற சொல்லுக்கு வலசை பொருந்தாது. வலசை போன பறவை திரும்பி வரும். 'நகர்வு' போதும். தளர்வு என்று மட்டும் எழுதிவிடக்கூடாது. பல மூட்டுகள் முதல் சில மாதங்கள் லேசாக நகர்ந்து, பிறகு அசையாமல் அமர்ந்துவிடும். நகர்வு நிற்காமல் தொடர்ந்தால்தான், பின்னாளில் தளர்வு வரலாம் என்று மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்குகிறார்கள்.